வித்வானின் நகம்

சீன தேசத்தில் லியாங் என்றொரு வித்வான் இருந்தார். ‘ச்சின்’ என்னும் ஏழு தந்தி வாத்தியத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தப் பெயரெல்லாம் தன்னால் வந்தது என்று அவருடைய வலது கட்டைவிரல் நகத்துக்கு நினைப்பு. பின்னே? நகம் உடைந்துவிடுமே என்று அவர் பூண்டு உரிக்க மாட்டார், பாத்திரம் கழுவ மாட்டார், குப்பைக்கூடையைக்கூடக் கொட்ட மாட்டார்.

“நான் சுண்டினால்தான் ஐயா சங்கீதம்,” என்றது நகம், இடது கட்டைவிரலில் இருந்த காய்ப்பிடம்.

தந்தியை அழுத்தி அழுத்தியே தடித்துப்போன காய்ப்பு, “சரிதான். ரொம்ப வளராதே, தந்தியில் உரசும்,” என்றது.

“பொறாமை!” என்று சொல்லி நகம் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

அடுத்த கச்சேரியில் எல்லோரும் கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்த இடத்தில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். சபையே கண்ணைத் திறந்துவிட்டது. வித்வான் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கத்தரியை எடுத்தார்.

குப்பைக்கூடையில் விழுந்த நகத்துண்டு, “நான் யார் தெரியுமா? லியாங்கின் சங்கீதமே நான்தான்!” என்று கத்தியது.

“தெரியும். நாங்களும் அதேதான்,” என்றன அங்கே குவிந்து கிடந்த பழைய நகத்துண்டுகள்.

மேலே வித்வான் வாசிக்கத் தொடங்கினார். நாதம் முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. நகத்துண்டு காதில் விழாததுபோல் இருந்து பார்த்தது, முடியவில்லை.

சில வாரம் கழித்து மேலேயிருந்து இன்னொரு துண்டு வந்து விழுந்தது. அது வாயைத் திறப்பதற்குள் நம் நகத்துண்டு நகர்ந்து இடம் விட்டது.

“வாரும் வித்வானே, கத்திவிட்டு உட்காரும். நானும் அப்படித்தான் வந்தேன்.”