தோளில் தடவிய மருந்து

“வீட்ல யாராவது ஹார்மோன் ஜெல் தடவுறீங்களா?” என்று கேட்டார் குழந்தை மருத்துவர்.

கேட்டுவிட்டு, வெளிச்சப் பலகையில் செருகியிருந்த எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வயதுப் பெண்ணின் கை அது. எலும்புக்கு ஆறரை வயது என்று சற்று முன்தான் சொல்லியிருந்தார்.

அவள் அப்பாவான லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காது அடைத்தது.

பக்கத்து நாற்காலியில் மனைவி. அவள் மடியில் மகள். வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர். டாக்டர் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து உள்ளங்கையில் குத்தி விளையாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதமாக அவள் மேலுதட்டில் மெல்லிய கருப்பு ரோமம். ஓடி ஆடிவிட்டு வந்தால் பெரியவர்களின் வியர்வை வாடை. போன வருஷத்துச் செருப்பு, சட்டை எதுவும் சேரவில்லை. பிள்ளை கிடுகிடுவென்று வளர்கிறாள், கண் பட்டுவிடப் போகிறது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் அவன்தான்.

ஜெல் அவனுடைய டூல்ஸ் பையில் இருந்தது. ஸ்பேனர்களுக்கு அடியில், பெட்டியோடு கிரீஸ் துணியில் சுற்றி.

போன வருஷம் நாலாவது மாடி ஏறுவதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளியது. மதியத்தில் மோட்டார் அறையில் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கி விழுந்தான். படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், இருக்க வேண்டிய ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனில் பாதிகூட இல்லை.

முதல் டாக்டர் சிரித்தார். ஒரு பிள்ளைதான் இருக்கிறதே, அப்புறம் என்ன என்றார்.

இரண்டாமவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொப்பையைக் குறைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வா என்றார்.

மூன்றாவது ஒரு பெண் டாக்டர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். ஆனால் அவர்தான் சிரிக்காமல் கேட்டார். காலையில் வரச் சொல்லி மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து தருகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

ஊசி போட்டுக்கொள்ளலாம், மூன்று வாரத்துக்கு ஒன்று. பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். ஜெல் தடவிக்கொள்ளலாம். எது தோதுப்படும் என்று கேட்டார்.

ஊசி போட வீட்டுப் பக்கத்தில் இருப்பது ஒரே கிளினிக். அங்கே நர்ஸ் அவனுடைய மைத்துனி. முதல் ஊசி இறங்குவதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் சேதி போய்விடும். பிளாஸ்திரி என்றால் மனைவி கண்ணில் பட்டுவிடும்.

ஜெல் என்றான்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டா என்று கேட்டார் அந்த டாக்டர்.

உண்டு என்றால் இவரும் கையை விரித்துவிடுவாரோ என்று பயந்தான். இல்லை என்று தலையாட்டினான்.

இருந்தாலும் அவர் சொல்லித்தான் அனுப்பினார். தடவிய இடம் காய வேண்டும், சட்டை போட்டு மூட வேண்டும், அடுத்தவர் தோல் அதில் படவே கூடாது. அவனும் சரி சரி என்று எழுந்து வந்தான்.

மருந்து கேட்டது. இரண்டு மாதத்தில் ஆளே மாறிப்போனான். மாடி ஏறும்போது வாய் பாட்டை முணுமுணுத்தது. படுக்கையில் மனைவி பக்கம் திரும்பினான்.

தினமும் காலையில் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு இரண்டு தோளிலும் தடவுவான். கை இல்லாத பனியனோடு வெளியே வந்தால் வாலு தயாராக நிற்பாள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பால் வாங்கக் கீழே போக, மேலே வர, மூன்று மாடியும் உப்புமூட்டைதான். வெறும் தோளில் கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டு வருவாள். சில நாள் அப்படியே மறுபடி தூங்கிவிடுவாள்.

டாக்டர் இப்போது எக்ஸ்ரேயை விட்டு அவர்கள் பக்கம் திரும்பியிருந்தார்.

சொல்லித் தொலை என்றது மனசு. மனைவி முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

“இல்ல டாக்டர்,” என்றான்.

வாலு அவனைப் பார்த்து, ஸ்டாம்பு குத்திய உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

“இவர் தடவுறார், டாக்டர்,” என்றாள் மனைவி.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. ஜெல்லை இன்றோடு நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறச் சொன்னார். வாடை போய்விடும், ரோமம் மெல்லக் குறையும். எலும்பைப் பற்றி மட்டும் இப்போது எதுவும் சொல்வதற்கில்லை, ஆறு மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

எத்தனை மாதமாகத் தடவுகிறார் என்று கேட்டார்.

அவன் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

“பத்து மாசமா. அந்த லேடி டாக்டரைப் பாத்துட்டு வந்த மறுநாள்லேருந்து. கேட்டா கூனிக்குறுகிப் போயிடுவார்னு கேக்காம விட்டேன். டூல்ஸ் பையில சீட்டையும் ஜெல் பெட்டியையும் பாத்தேன். அந்தப் பெட்டிக்குள்ள மருந்தைப் பத்தி ஒரு தாள் மடிச்சு வச்சிருந்தாங்க, டாக்டர். கூச்சப்பட்டுக்கிட்டு நான் அதைப் பிரிச்சுப் பாக்கல.”

அவள் கை மகளின் மேலுதட்டு ரோமத்தை வருடிக்கொண்டிருந்தது.

அந்தக் கையைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் அவன் உட்கார்ந்திருந்தான்.