பத்து மணிக்குள் ஒரு பெயர்

அந்த மஞ்சள் சீட்டைப் பலகையில் 'முடிந்தது' பக்கத்தில் ஒட்டியது யார் என்று செந்தாமரை மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

ஆறு பேரும் ஊமைக்கோட்டான்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

மணி ஒன்பது நாற்பது. பத்து மணிக்குள் சென்னைக்கு ஒரு பெயர் போயாக வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவருக்கு இன்றோடு வேலை போகும். பெயர் வராவிட்டால் தஞ்சாவூர் அலுவலகத்தையே இழுத்து மூடிவிடுவதாக நெடுஞ்செழியன் சொல்லிவிட்டார். கம்பெனி அவருடையது. சொன்னால் செய்கிற ஆள்.

நடந்தது சின்ன விஷயமில்லை. விவசாயி செல்போனில் பதிவு செய்தால் அறுவடை வண்டியை வயலுக்கு அனுப்பிவைக்கும் செயலியை இந்த ஆறு பேரும்தான் நடத்துகிறார்கள். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, ஈரவயலுக்கு பெல்ட் வண்டி. இதைத் தானாகப் பிரித்து அனுப்பும் புது ஏற்பாடு இன்னும் சோதனையில்தான் இருந்தது. ஆனால் அதன் சீட்டு 'முடிந்தது' பக்கத்துக்குப் போய்விட்டது. நேற்று மாலையே ஏற்பாடு வெளியே விவசாயிகளுக்குப் போயிற்று. விடிகாலையில் நன்னிலம் பக்கம் நான்கு டயர் வண்டிகள் சேற்றில் இறங்கி எருமை மாதிரிப் படுத்துக்கொண்டன. விளைந்த கதிர் சாய்ந்து கிடக்கிறது. வானம் வேறு மூட்டமாக இருக்கிறது.

எல்வின் மட்டும் வந்ததுமே சொல்லிவிட்டான், வெளியே விட்டது தான்தான் என்று. அவனை எப்படிக் குறை சொல்வது? பலகையில் 'முடிந்தது' என்று இருந்தால் நம்ப வேண்டும், மறுபடி போய்க் கேட்டால் அது கூட இருப்பவரைச் சந்தேகப்படுவது என்று சொல்லிக்கொடுத்தவளே செந்தாமரைதான்.

அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அஜைல் கோச். அதிகாரி ஒருவர் தலைமேல் நின்று மேய்க்காமல், ஆறு பேரும் தாங்களே வேலையைப் பங்கிட்டு, தாங்களே பொறுப்பேற்க வேண்டும். நான்கு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறாள். முதல் நாளே இரண்டு விதி போட்டாள். தப்பு செய்தவர் தானாகச் சொல்ல வேண்டும். அடுத்தவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

இரண்டாவதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எந்த நெஞ்சு என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பரிதி ஜன்னலைப் பார்த்தான். எல்வின் தன் செருப்பைப் பார்த்தான். ஜெனிட்டா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோடு கண் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சீட்டில் இருப்பது ஜெனிட்டாவின் கையெழுத்து. சோதனையும் அவளுடைய வேலை. நேற்று எல்லோருக்கும் முன்பே பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனவளும் அவள்தான். வேலையை முடிக்காமல் முடிந்ததாக ஒட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். வேறு என்ன?

கெட்டிக்காரப் பெண், இந்த வேலைக்காக எத்தனை பாடுபட்டு வந்தாள் என்பதும் செந்தாமரைக்குத் தெரியும். ஆனால் ஒரு பெயர் போனால் ஐந்து பேர் பிழைப்பார்கள்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு, மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு 'ஜெனிட்டா' என்று தட்டி அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது.

யாரும் கவனிக்கவில்லை. இனி யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், போய் வேலையைப் பாருங்கள் என்றாள்.

அப்போதுதான் ஜெனிட்டா எழுந்து நின்றாள்.

"நேத்து அஞ்சு மணிக்குக் கரெண்ட் வந்தப்ப, நாங்க ஆறு பேருமே கீழ டீக்கடையில இருந்தோம்ங்க மேடம்."

அவ்வளவுதான். யார் பெயரையும் சொல்லவில்லை.

செந்தாமரைக்கு நேற்று மாலை நடந்தது நினைவுக்கு வந்தது.

கரெண்ட் போய், இன்வெர்ட்டரும் கையை விரித்த பிறகு எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். அவள் மட்டும் மாடியில் இருந்தாள். கரெண்ட் வந்ததும் கொசுவுக்காகப் போட்டிருந்த ஃபேன் சுற்றியது. பலகையிலிருந்த சீட்டுகளில் பாதி பறந்து தரையில் விழுந்தன. பிள்ளைகள் வருவதற்குள் சரிசெய்து வைப்போம் என்று பொறுக்கி எடுத்து, நினைவில் இருந்தபடி ஒட்டிவைத்தாள். ஜெனிட்டா டீக்கடையிலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டாள். மேலே வந்த எல்வின் பலகையைப் பார்த்தான், நம்பினான்.

காலை எட்டு மணிக்கே ஆறு பேரும் ஒருவரையொருவர் கேட்டுத் தெளிந்துவிட்டதாகப் பரிதி மெதுவாகச் சொன்னான். அவர்கள் பயந்து வாயடைத்து உட்கார்ந்திருக்கவில்லை. முதல் விதிப்படி செந்தாமரையே சொல்லட்டும் என்று இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தார்கள்.

வெட்கத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. நெடுஞ்செழியன்.

சீட்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்வது இனிப் பெரிய காரியமில்லை. மற்றது அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே போய்ப் பேசினால் இவர்கள் காதுக்கு எட்டாமலே திருத்திவிடலாம். கதவு நாலடி தூரத்தில்தான் இருந்தது.

செந்தாமரை போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சார், ஜெனிட்டா பேரை உங்களுக்கு அனுப்புனேன்ல, அது நான் செஞ்ச ரெண்டாவது தப்பு."