நௌயா வீட்டுக் குளிர்

அந்த ஆர்க்டிக் ஊரில் நௌயாவின் வீட்டுக்கு அடியில் மட்டும்தான் நிலம் இன்னும் உறைந்து கிடந்தது. தெற்கத்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று குளிரூட்டும் குழாய் பதித்து அதைக் குளிராக வைத்திருந்தது; பதிலுக்கு அந்த மண்ணை அளந்துகொள்ள அவள் சம்மதித்திருந்தாள். வெப்பம் கூடியதால் மற்ற வீடுகளெல்லாம் இளகிய சேற்றில் சாய்ந்துவிட்டன. இப்போது பள்ளிக்கூடச் சுவரும் விரிசல் விட்டிருந்தது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்த ஆய்வாளர் இங்க்ரிட்டிடம், "குழாயைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுங்கள்," என்றாள் நௌயா.

"ஒரே இடத்தைத் தொடர்ந்து அளந்தால்தான் எங்களுக்கு நிதி வரும். அதோடு, உங்கள் வீடு விழுந்துவிடுமே!"

"விழட்டும். மாற்றாவிட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்; இந்த ஊரில் வேறு எங்கேயும் நீங்கள் அளக்க முடியாது."

இங்க்ரிட் மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஒருவழியாக அனுமதி வாங்கினாள்.

குழாயைப் பிடுங்கிய வாரம் நௌயா ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டாள். அப்பா இருந்தபோது செய்தது போலவே தரையில் அட்டையை விரித்து, சீல் என்னும் கடல்நாயின் இறைச்சியை அறுத்துப் போட்டாள். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த நாட்களில் அத்தைகள் சிரித்த சிரிப்பும், சன்னல் பனியில் தம்பி நகத்தால் கீறிய கரடியும் அவளுக்கு நினைவு வந்தன.

திடீரென்று தரை முனகியது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"பயப்படாதீர்கள். வீடு ஏப்பம் விடுகிறது," என்றாள் நௌயா.

அறையே சிரித்தது. எல்லோரும் போன பிறகு உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினாள், பூட்டவில்லை.