பிழையில்லாத தாள்

பிரிந்துவந்த நாட்டுக்குப் புதுச் சட்டம் எழுதும் அறையில் வெயில் பாதி மேசைவரை வந்து நிற்கிறது. மேசையைச் சுற்றியிருக்கும் உறுப்பினர்கள் மத்திய அரசின் அதிகாரப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மாநிலங்களுக்குக் கொடுக்கிறார்கள். வக்கீல் சொல்லச் சொல்ல மூலையில் தட்டச்சர் அடிக்கிறார். காடு போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. அவருக்கும் சந்தோஷம்தான், பிரிய வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தியவர்தான் அவரும்.

"அடுத்து ஆஸ்பத்திரி. அந்தந்த மாநிலத்துக்காரங்களுக்கு மட்டும்தான் அங்க வைத்தியம்," என்கிறார் வக்கீல். விரல்கள் நிற்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த மாநிலத்து ஆஸ்பத்திரியில்தான் அவர் மனைவிக்கு வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இக்கரையில் அந்த இயந்திரமே கிடையாது. "என்னண்ணே, கை வலிக்குதா?" என்கிறார் வக்கீல். "இல்லைங்க, சொல்லுங்க." மேசையைச் சுற்றிக் கைகள் உயர்கின்றன. மூலையில் இருக்கும் கையை யாரும் கேட்கவில்லை. அது அடித்து முடிக்கிறது. ஓர் எழுத்து தப்பினாலும் தாள் நாளைக்குத் தள்ளிப்போகும், அதுதான் இங்கே வழக்கம். வக்கீல் தாளை வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க, ஒரு பிழையாவது அகப்படாதா என்று தட்டச்சர் அவர் உதட்டையே பார்க்கிறார். "உங்க கைக்குப் பிழையே வராதுண்ணே," என்று சிரித்தபடி வக்கீல் தாளைக் கையெழுத்துக்கு நகர்த்துகிறார்.