மகா பார்க்காத மத்தியானம்

பீன்யா பஸ் ஸ்டாப்பில் முகேஷ், பஸ்ஸில் வந்து இறங்கும் மனைவி மகாவுக்காகக் காத்திருந்தான். அவனுக்கு நைட் ஷிஃப்ட் முடிந்திருந்தது. அவளுக்கு டே ஷிஃப்ட் தொடங்கவிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இருவருக்கும் ஓவர்டைம்.

"ரஜா கெடச்சிடுச்சு, சனிக்கெழமைலேர்ந்து லீவு. உனக்கு?" என்றான்.

"எனக்கும்தான். அங்க மத்தியானம் எப்டி இருக்கும்?"

"சுவத்துல வேப்பமர நெழல் ஆடும். பாத்துட்டே இருந்தா தூக்கம் வந்துடும். ராத்திரி?"

"மழ பேஞ்சா தகரத்து மேல சத்தம் கேக்கும். தூரத்துல ரயில் போவும்."

"கோயில் குளம்னு இழுக்காத."

"நீ மொதல்ல உங்கக்காகிட்ட ஊட்டிக்குப் போறோம்னு சொல்லு. இல்லனா புள்ளைங்களோட வந்து எறங்கிடுவாங்க."

சனிக்கிழமை மத்தியானம் முகேஷின் அக்கா வந்தே விட்டாள்.

"எல்லம்மா, கெளம்பிட்டாங்களா?"

"காலையிலயே. பூட்டு தொங்குதே, தெரியல?" என்றாள் பக்கத்து வீட்டு எல்லம்மா. பூட்டியவளும் அவள்தான்.

பூட்டுக்குப் பின்னால், இருவரும் மாறி மாறித் தூங்கிவந்த அந்த ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறையில், முகேஷ் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரைக் காட்டினான். தன் வீட்டின் மத்தியானத்தை மகா முதன்முறையாகப் பார்த்தாள். அக்காவின் செருப்புச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை பொறுத்திருந்தாள்.

"நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு."

"ராத்திரி மழ வரட்டும்," என்றான் அவன்.