நடைபாதைக்குக் காவல்

“ஏட்டய்யா, அந்த நகைக்கடைக்குள்ள ராத்திரியில யாராச்சும் படுப்பாங்களா?”

கேட்டவன் மாயவன், சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த சிமெண்ட் மேஸ்திரி. கேட்ட இடம், விருத்தாசலம் கடைத்தெருக் கோடியில் இருந்த போலீஸ் அவுட்போஸ்ட். டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு காத்தவராயனுக்குப் புரையேறியது.

“எதுக்குடா கேக்கற?”

“கடை வாசல்ல நடைபாதை போடப்போறேங்க. ஈர சிமெண்ட்ல யாரும் கால வச்சிடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்” என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

காத்தவராயனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. போன வருஷம் அவர் பாராவில் இருக்கும்போதே பாத்திரக்கடையில் அண்டா முதல் கரண்டி வரை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் தண்ணியில்லாத ஊருக்கு மாற்றிவிடுவதாக இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் மிரட்டி வைத்திருந்தார்.

அவுட்போஸ்ட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே நகைக்கடைக்கு நடந்தார்.

அந்த வரிசைக் கடைகள் எல்லாமே அம்சவல்லிக்குச் சொந்தம். மூலையில் இருந்த நகைக்கடையை அவரே நடத்திவந்தார். அது எழுபத்திரண்டாம் வருஷம். ஐப்பசி மழைக்கு முன்னால் கடைகளின் வாசல் நெடுக நடைபாதையும், தெருத்தண்ணீர் ஏறாமல் ஓரக்கட்டையும் போட்டுவிட வேண்டும் என்று அவர் துடித்துக்கொண்டிருந்தார். முந்தின மழையில் தாலிக்கொடி எடுக்க வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி, மாப்பிள்ளையின் செருப்பைச் சேற்றில் தேடியே நல்ல நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

“அந்த மேஸ்திரி ஆளு சரியில்லம்மா” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் காத்தவராயன். “பள்ளம் தோண்டுறேன்னு சுரங்கம் தோண்டி உங்க கடைக்குள்ள பூந்துருவான்.”

“பூரட்டுங்க. நடைபாதைய முடிச்சிட்டுப் பூரச் சொல்லுங்க” என்றார் அம்சவல்லி. “சிமெண்டுக்குப் பெர்மிட் கேட்டு மாசக்கணக்கா அலைஞ்சேன், ஒரு மூட்டை கிடைக்கல. இந்த ஆளு சிமெண்ட்டும் நானே கொண்டாரேங்கறாரு. அவர வெரட்டிப்புடாதீங்க ஏட்டய்யா.”

விரட்டும் எண்ணம் காத்தவராயனுக்கு இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாயவன் கயிறு கட்டி, மட்டம் பார்த்து, பள்ளம் வெட்ட ஆரம்பித்தான். அவனுடைய கூட்டாளி அர்ச்சுனன் தள்ளுவண்டியில் ஜல்லியும் மணலும் சிமெண்டும் கொண்டுவந்து இறக்கினான்.

“முழங்காலுக்கு மேல ஆழம் போகக் கூடாது” என்று உத்தரவு போட்டார் காத்தவராயன். போட்டதோடு நிற்காமல் பூட்ஸோடு பள்ளத்தில் இறங்கித் தன் முழங்காலை வைத்து அளந்தும் பார்த்தார்.

“அவ்ளோ எதுக்குங்க? ஒரு சாண் போதும். மழைத்தண்ணி தெருப்பக்கம் ஓடுறாப்புல வாட்டம் குடுத்தா சரியாப் போச்சு” என்றான் மாயவன் பணிவாக.

அந்தப் பணிவுதான் காத்தவராயனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மூட்டைக்குள் கடப்பாரை ஒளித்துக்கொண்டு வருகிறார்களோ என்று, வந்த ஒவ்வொரு மூட்டையையும் கோணி ஊசியால் குத்திப் பார்த்தார். சிமெண்ட்தான் கொட்டியது. ஒருநாள் தள்ளுவண்டி சேற்றில் சிக்கிக்கொண்டபோது, அர்ச்சுனனைத் தன் கண்ணிலிருந்து தப்பவிடக் கூடாது என்று அவரே தோள் கொடுத்துத் தள்ளினார்.

மறுநாள் அவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“உள்ள இன்னும் எவ்ளோடா இருக்குது?”

“பாதி இருக்குதுண்ணே. நாளைக்கு மொத்தமும் எடுத்துரலாம்.”

காத்தவராயன் அப்புறம் முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடு அம்சவல்லி வீட்டிலிருந்து வந்தது. படுக்கையும் கடை பெஞ்சிலேயே. ஆடு காணோம் என்று புகார் கொடுக்க வந்த கம்மாபுரத்து விவசாயிகூட அங்கே வந்துதான் ஏட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு வழியாக வேலை முடிந்தது. நடைபாதை கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரக்கட்டை நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று. மாயவன் அதன்மேல் ஈரச் சாக்கைப் பரப்பிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, ஏட்டுக்கு ஒரு பெரிய கும்பிடும் போட்டுவிட்டு அர்ச்சுனனோடு பஸ் ஏறினான்.

கடையில் ஒரு மூக்குத்தித் திருகுகூடக் குறையவில்லை.

“பாத்தீங்களாம்மா? நான் உக்காந்திருக்கவே பயந்துட்டானுங்க” என்று மீசையை முறுக்கினார் காத்தவராயன். அம்சவல்லி அவருக்கு ஒரு கதம்ப மாலையே வாங்கிப் போட்டார்.

மாலையும் கழுத்துமாக அவர் நின்றிருந்தபோது இன்ஸ்பெக்டர் ஜெயராஜின் ஜீப் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்ட இன்ஸ்பெக்டர் முதன்முறையாக ஏட்டின் முதுகில் தட்டிக் கொடுத்தார். சாக்கின் நுனியைத் தூக்கி நடைபாதையைப் பார்த்தார்.

“பிரமாதமான வேலைய்யா! நம்ம அவுட்போஸ்ட்ல லாக்கப் ரூம் கட்டணுமே, அதுக்கும் அந்த மேஸ்திரியவே கூப்பிடுவோம். வா, சாமானெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துடலாம்.”

காத்தவராயன் பெருமையோடு முன்னால் நடந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அவுட்போஸ்ட் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. கதவைத் திறந்தார். பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

லாக்கப் கட்ட அரசாங்கம் கொடுத்திருந்த சிமெண்ட் முழுவதும் அம்சவல்லியின் கடை வாசலில் இறுகிக்கொண்டிருந்தது.