ரெண்டு கோட்டிங்

“அந்த டப்பாவைத் திறந்தீங்கன்னா, மொத்தத்தையும் உங்க தலையிலயே கவுத்துடுவேன்.”

பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டார். படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடித்திருந்தது. மேலே ரெண்டு கோட்டிங் வெள்ளை அடித்துவிட்டுப் போ என்று வீட்டு ஓனர் அனுப்பியிருந்தார். கதவைத் திறந்துவிட்டவளோ, அவர் வாளியைக் கீழே வைப்பதற்குள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

“ஒன்றரை வயசுப் பிள்ளை. ஒரு வாரமா ஆஸ்பத்திரியில மூக்குல மாஸ்க்கோட கிடக்குது. மூச்சு விட்டா விசில் சத்தம் வருது. டாக்டர் முதல்ல கேட்டதே வீட்டுச் சுவரைப் பத்திதானாம். நீங்க என்னடான்னா புண்ணுக்குப் புனுகு பூச வந்திருக்கீங்க.”

“நான் கூலிக்காரன்மா. சொன்னதைச் செய்யறவன்.”

“அப்போ நான் சொல்றதைச் செய்ங்க. சுரண்டுங்க.”

எப்படிச் சுரண்ட வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள். முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் பறந்து வீடெல்லாம் உட்காரும். அறைக் கதவைச் சாத்திவிட்டு மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் பிளீச்சிங் தண்ணீரைப் பூசி ஊற விட வேண்டும். சீக்கிரம் போகட்டும் என்று அதில் ஆசிட்டைக் கலந்தால் நம் மூச்சே போய்விடும். முப்பது வருஷமாக பிரஷ் பிடிக்கிறவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வேலையில் இறங்கினார்.

உரிந்து விழுந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ரோஸ். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் கறுப்பு. ஒருவர் மாற்றி ஒருவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

சுரண்டும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓனர் இறங்கி வந்தார்.

“யாரைக் கேட்டுச் சுவத்துல கை வெச்சே? சுவர்னா ஈரம் இருக்கத்தான் செய்யும். இத்தனை வருஷமா யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா?”

அவள் முகம் கன்றிப்போனது.

“சொல்லாதது தப்புதான். அதுக்காக இப்பவும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?”

“பிள்ளை அங்க கிடக்கு. நீ இங்க நின்னு மல்லுக்கட்டுற. உனக்கு ஏம்மா இந்த வேலை?”

“அங்க பார்த்துக்க ஆள் இருக்கு. இந்தச் சுவரைக் கேக்கத்தான் ஆள் இல்ல.”

ஓனர் பெயிண்டர் பக்கம் திரும்பினார். சுரண்டியது போதும், இப்போதே வெள்ளை அடி, இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதே என்றார். பெயிண்டர் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் விறுவிறுவென்று வந்து அவர் பையிலிருந்த உளியையும் சுத்தியலையும் உருவினாள். ஆத்திரம் தீர நாலு போடு போட்டாள். பூச்சு பாளமாகச் சரிந்தது.

உள்ளே மாடிக் குளியலறைக் குழாய். அது வளைகிற இடத்தில் விரிசல். மேலே யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, சோப்பு நுரையோடு தண்ணீர் கசிந்து செங்கல் வழியாக இறங்கியது. பெயிண்டரே முகம் சுளித்தார்.

“உங்க வீட்டு அழுக்குத் தண்ணி. இதைத்தான் அந்தப் பிள்ளை ராத்திரி பூரா மோந்துக்கிட்டுக் கிடந்தது. இன்னைக்கே குழாயை மாத்தலன்னா, இதைப் படம் பிடிச்சு தெருவுல ஒரு வீடு விடாம காட்டுவேன்.”

ஓனர் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். சாயங்காலத்துக்குள் பிளம்பர் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போனார்.

அதோடு அவள் விட்டுவிடவில்லை. பத்து நாள் அந்த அறையில் ஃபேன் ஓடியது. தினமும் செங்கல்லில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். ஈரம் இருக்கிறது, இன்னும் காயட்டும் என்று பெயிண்டரைத் திருப்பி அனுப்பினாள். பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அதன் பெரியம்மா வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். சுவர் காயாமல் அது இங்கே வரக் கூடாது என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாளாம். புதுப் பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே விட்டாள்.

கடைசி நாள், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே பெயிண்டர் தன் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னார். காலையில் ஒரு மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடக் கூடாது. மூலையில் புள்ளி தெரிந்தால் அன்றே துடைத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அவள் ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்க வீட்டுக்கு நீங்களே சீட்டு எழுதி வெச்சுக்கறீங்களேம்மா. கவலைய விடுங்க. பாப்பா இனிமே நிம்மதியா தூங்கும்.”

அவள் தாளை மடித்து வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கட்டினாள்.

“இது என் வீடு இல்லீங்க, அது என் பாப்பாவும் இல்ல. பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்குதுன்னு கேள்விப்பட்டு, இங்க குடியிருக்கிறவங்ககிட்ட சாவியை வாங்கிட்டு வந்தேன். நாலு மாசத்துக்கு முன்னாடி நான் காலி பண்ணின வீடு. அடுத்த ஆளைப் பிடிச்சுக் கொடுத்தாத்தான் விடுவேன்னு ஓனர் சொன்னார். இவங்க கைக்குழந்தையோட வீடு பார்க்க வந்தப்போ, பீரோவை இழுத்து இந்தச் சுவரை மறைச்சு நிறுத்திட்டு, ‘நல்ல காத்தோட்டமான வீடு, குழந்தைக்கு ஒரு குறையும் வராது’ன்னு சொன்னது நான்தான்.”